லேசான உப்புக்கு வராத நீலம்

ராத்தா,

இதை யாருக்கும் காட்டிவிடாதே. என் கூடப்பிறந்து மௌத்தாகிப் போன உன்னிடம் இப்படிக் கெஞ்சுவது பைத்தியம் என்று எனக்கே தெரிகிறது. கபுறடி மணலுக்குள் கிடக்கும் நீ யாருக்குக் காட்டப்போகிறாய்? ஆனாலும் கேட்கிறேன். வேறு யாராவது இதைக் கண்டெடுத்திருந்தால், அல்லாஹ்வுக்காக, இந்த வரியோடு மடித்துவிடுங்கள். வாப்பாவிடம் கொடுக்க வேண்டாம். உன்னைக் கட்டிய மச்சானிடம் கொடுக்கவே வேண்டாம்.

அறைக்குள் தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்ததுபோல் ஒரு மணம் நிற்கிறது. உனக்குத் தெரிந்த மணம்தான். மருதமுனைச் சாயக்கொட்டிலில் நாம் வாங்கிய வெள்ளைத் தூளின் மணம். யன்னலைத் திறக்கப் பயமாக இருக்கிறது. திறந்தால் குப்பி விளக்கு வெளியே தெரியும். அடுத்த அறையில் உம்மா உன் மகளை அணைத்துக்கொண்டு படுத்திருக்கிறார். முன் மண்டபத்தில் வாப்பா. உன் அல்மாரியின் அடியில், கலியாணச் சாரிக்குக் கீழே நீ வைத்திருந்த கண்ணாடிக் குழாய் என் மடியில் கிடக்கிறது. மேசையில் ஒரு சின்னப் போத்தல். அதற்குள் நீலம்.

அந்த நீலம் இருக்கக் கூடாது, ராத்தா. இல்லை என்று சொன்னது நீதான். ஊர்ப் பெரியவர்களுக்கு முன்னால், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாய்.

நீ படித்த கம்பஸை மூடிவிட்டார்கள் என்று நீ வந்து இறங்கிய நாளை நினைத்துப் பார்க்கிறேன். உடுப்புப் பெட்டியை வாப்பாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு ஜாம் போத்தல்களை மட்டும் நீயே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தாய். ஒன்றில் கறுத்த தேன் நிற மணிகள். மற்றதில் வெளிறிய மஞ்சள் மணிகள். இரண்டும் தண்ணீருக்குள் கிடந்தன. அவற்றைக் குசினித் தட்டில் வைத்தது உன் பிழை. அடுத்த நாள் உம்மா வெளிறிய மணியில் ஒரு கரண்டி அள்ளிப் பால் சட்டிக்குள் போட்டுவிட்டார்.

"ஐயோ, அது சவ்வரிசி இல்ல உம்மா! என்ட ஒரு வருச வேல!"

"ஒரு வருசமா நீ சவ்வரிசியா செஞ்ச? கடையில வாங்கேலாதா?"

வாப்பா சிரித்த சிரிப்பில் அடுத்த வளவு ஆட்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். "குடிச்சிருந்தா நம்மளுக்கும் ஒவ்வொரு பட்டம் கிடைச்சிருக்கும்" என்றார். நீ அழுதுகொண்டே பால் சட்டிக்குள் மணி பொறுக்கினாய். நானும் பொறுக்கினேன். அன்றிலிருந்துதான் நான் உன் கையாள்.

கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது அந்த மணிகளைப் பற்றி எனக்குச் சொன்னாய். பல்பகுதியம், அயன் பரிமாற்றம், குரோமடோகிராபி என்று நீளமான பெயர்களாக அடுக்கினாய். என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் நெசவில் கொண்டுவந்து கட்டினாய். பாவு நூல்போல நீளமான நூல்கள். அவற்றைக் குறுக்கே பிணைப்பது ஊடை. ஊடை கூடினால் மணி இறுகி மருந்தை உள்ளே விடாது. குறைந்தால் தண்ணீரைக் குடித்து ஊதிக் குழாயை அடைத்துவிடும். அந்த நூல்களில் நீ மறை மின்னேற்றங்களைத் தொங்கவிட்டிருந்தாய். நேரேற்றம் உள்ள மருந்து வந்தால் மணி பிடித்துக்கொள்ளும். மறையேற்றம் உள்ளது பிடிபடாமல் கீழே வடிந்துவிடும். கலந்து கிடக்கும் இரண்டு மருந்துகளை அப்படித்தான் பிரிப்பார்களாம்.

"கறுத்த மணி பிடிச்சா விடாது" என்றாய். "தண்ணிக்கு விடாது, லேசான உப்புத் தண்ணிக்கும் விடாது. உப்புக் கரையாம அடியில நிக்கிற அளவுக்குக் கரைச்சு ஊத்தினாத்தான் விடும். வெளிறின மணி என்ட கையால அமைச்சது. அது லேசான உப்புக்கே விட்டுரும்."

"பிடிச்சத விடுற மணி என்னத்துக்கு?"

"விட்டாத்தானே புள்ள, என்னத்தப் பிடிச்ச எண்டு பாக்கலாம்."

நீ அழகாகச் சொல்வாய். அதுதான் உன்னில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சென்ற வருடச் சிறுபோகத்தில் நம் வயல் வட்டையில் பயிர் எரிந்தது. வாப்பாவின் வயலும், அடுத்தடுத்த வரவைகளும். கோரைக்கு அடிக்கிற மருந்துதான் அடித்திருந்தார்கள். அது கோரையை மட்டும் சாக்காட்டும், நெல்லைத் தொடாது. ஆனால் இரண்டு நாளில் நெல்லெல்லாம் கொதிதண்ணீர் ஊற்றியதுபோல் சுருண்டுவிட்டது. பச்சையாக இருப்பதையெல்லாம் அப்படிக் கருக்குவது வரம்பில் புல்லுக்கு அடிக்கிற மருந்துதான் என்று கமக்காரர் எல்லோருக்கும் தெரியும். வரம்பு மருந்து கோரை மருந்துக்குள் எப்படி வந்தது?

மருந்து அடித்தவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தமிழ் ஆட்களின் சொறிக்கல்முனையில் இருந்து வருகிற ராசண்ணன். நான் பிறக்க முன்னமே வாப்பாவின் வயலுக்கு மருந்து அடித்தவர். முதல் நாள் வரம்புக்கு அடித்துவிட்டு, முதுகில் கட்டுகிற மருந்துத் தாங்கியைக் கழுவாமல் கோரை மருந்தை ஊற்றிவிட்டார் என்று பேசத் தொடங்கினார்கள். மருந்து வாங்கியது மாமாவின் கடையில். பெரிய கேனில் வருவதைப் போத்தல்களில் அளந்து ஊற்றி, தக்கை இறுக்கி, மெழுகு உருக்கி அடைத்து விற்பது நம் பகுதிக் கடைகளின் வழக்கம். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாமா உம்மாவின் கூடப்பிறந்தவர். அவருடைய மகனுக்கும் உனக்கும் நிக்காஹ் பேசி, உனக்கென்று கட்டிய இந்த வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ராசண்ணன் ஒரு மத்தியானம் வேலிக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். சாரன் மடிப்பில் இருந்து ஒரு போத்தலை எடுத்தார். மாமாவின் கடைப் போத்தல். மெழுகு உடையவில்லை.

"தங்கச்சி, இது மிஞ்சின போத்தல். நான் துறக்கல்ல, பாருங்க. அக்கா என்னமோ மணி வச்சிரிக்காவாமே, பிரிச்சுப் பாக்கிற மணி. உங்கட வாப்பாதான் வட்டைக்குள்ள பெருமையாக் கதைச்சவர். இத அக்காட்டக் குடுத்துப் பாக்கச் சொல்லுங்க. இதுக்குள்ளயும் வரம்பு மருந்து இரிந்தா என்ட தாங்கியில பிழை இல்லைதானே?"

நான் அதை உன்னிடம் ஓடிக்கொண்டு வந்து தந்தேன். நீ வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். அதிக நேரம் பார்த்தாய். "ஆர் தந்தது?" என்றாய். சொன்னேன். "வாப்பாக்குத் தெரியுமா?" என்றாய். நான்தான் முட்டாள்போல, "எல்லாரையும் கூப்பிட்டு அவங்கட கண்ணுக்கு முன்னால செஞ்சு காட்டு ராத்தா" என்றேன். பிறகு வாப்பாவிடமும் போய்ச் சொன்னேன். வாப்பாவின் நெஞ்சு ஒரு முழம் அகன்றது.

வரம்பு மருந்தை நீலமாக்கிக் காட்டுகிற வெள்ளைத் தூள் வாங்க மருதமுனைக்கு நாம் இரண்டு பேரும் போனோம். சாயக்கொட்டில் நடத்தும் காக்கா தூளும் காஸ்டிக்கும் சுருளில் கட்டித் தந்துகொண்டே, "கலியாணச் சாரிக்கு வீட்டிலயே சாயம் போடப்போறியளோ?" என்று பகிடி பண்ணினார். தொட்டிக்குள்ளிருந்து மஞ்சளாக எடுத்த நூல் நம் கண் முன்னாலேயே காற்றில் நீலமாகியது. நீ சிரித்தாய். "இஞ்ச காத்து நீலத்தக் கொண்டு வருது. என்ட போத்தல்ல காத்து நீலத்தக் கொண்டு போயிரும்" என்றாய். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்க்கிறேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் மரைக்காயரும் வயல் காரியம் பார்க்கும் வட்டை விதானையாரும் மாமாவும் முன் மண்டபத்தில் வந்து இருந்தார்கள். ராசண்ணன் முற்றத்து மாமரத்தடியில் நின்றார். வாப்பா உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஊரில பொம்புளப் புள்ளையள் ரொட்டி சுடுவாளுகள்" என்றார் மாமா. "நம்மட மருமகள் மணிக்கு உப்புப் புளி போடுறா."

"புளி இல்ல மாமா, உப்பு மட்டும்தான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதலில் வரம்பு மருந்தில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, காஸ்டிக்கும் தூளும் போட்டுக் காட்டினாய். குப்பென்று நீலம் வந்தது. விதானையார் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். கோரை மருந்து கறுப்பாக இருப்பதால் அதற்குள் நேரே தூளைப் போட்டால் ஒன்றும் தெரியாது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும், கோரை மருந்து வடிந்துவிடும், வரம்பு மருந்து இருந்தால் மணியில் நிற்கும் என்று சொன்னாய். மெழுகை உடைத்து, மருந்தைத் தண்ணீரில் கலந்து குழாயில் ஊற்றினாய். கறுப்பெல்லாம் கீழே வடிந்தது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினாய். பிறகு என்னிடம் கையை நீட்டினாய். நான் இரண்டு கோப்பை கரைத்து வைத்திருந்தேன், ராத்தா. ஒன்று லேசான உப்பு. மற்றது அடியில் உப்பு நிற்கிற பலத்த கரைசல். லேசானதை வாங்கி ஊற்றினாய். வடிந்ததில் தூளைப் போட்டாய்.

கண்ணீர்போலத் தெளிந்து நின்றது.

"இந்த மணி லேசான உப்புக்கே பிடிச்சத விட்டுரும்" என்றாய். "நீலம் வரல்ல. அப்ப இந்தப் போத்தல்ல வரம்பு மருந்து இல்ல."

நான் மற்றக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. குழாயின் மேல் பக்கமும் கீழ்ப் பக்கமும் தக்கை அடைத்து, ஒரு சீலைத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுபோய்விட்டாய்.

மாமரத்தடியில் ராசண்ணன், "அப்ப நான்தானா?" என்றார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. மரைக்காயர், "வேற ஆரு?" என்றார். "இனி நீ வாய்க்கால் தாண்டி நம்மட வட்டைக்குள்ள வரப்படாது." அவர் தலைப்பாகையாகக் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வாப்பா குனிந்துகொண்டிருந்தார்.

பின்னேரம் குசினியில் உன்னிடம் கேட்டேன். "ராத்தா, பலத்த உப்பு ஊத்தல்லையே?"

"தேவல்ல. அது வெளிறின மணி."

"எண்டாலும் ஊத்திப் பாத்திருந்தா..."

"செஞ்சது நான். எனக்குத் தெரியாதா? வாயப் பொத்திக்கிட்டு இரி."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பலத்த உப்பைத் தென்னையின் அடியில் ஊற்றினேன். நீ செய்த மணி, உன் கையால் அமைத்த மணி, அது விடும் என்றால் விடும். இந்த ஒரு வருடமும் அப்படித்தான் நம்பியிருந்தேன். ராசண்ணனின் பெயரை யாராவது எடுத்தால், "எங்கட ராத்தா பிரிச்சுப் பாத்தவ" என்று நானே சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். வாயெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு உன் நிக்காஹ். மச்சான் இந்த வீட்டுக்கு வந்தார். கம்பஸ் திறக்கவில்லை. நீ மணிகளைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டாய். உன் மகள் பிறந்த அன்று, ஆஸ்பத்திரியில் இரத்தம் நிற்காமல் நீ போய்விட்டாய். உன் ஜனாஸாவை எடுக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால், றோட்டுக்கு அந்தப் பக்கம் ராசண்ணன் நின்றதாக உம்மா சொன்னார். அவர் ஏன் வந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றுதான் அதை நினைத்து அழுதேன்.

இப்போது இரண்டு ஊருக்கும் நடுவில் முன்னைப்போல இல்லை, ராத்தா. தாங்கி கழுவாத கதை மாறிவிட்டது. வேண்டுமென்றேதான் எரித்தான், யாரோ சொல்லித்தான் எரித்தான் என்கிறார்கள். இந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல் போதும், ஒரு மனிதனைக் காணாமல் போக்க. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய வாடிக் குடிசையை யாரோ கொளுத்திவிட்டார்கள். நாளை காலையில் பெரும்போக விதைப்புக் கூட்டம். நம் வீட்டு முற்றத்தில்தான். தன்னைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லிக் கேட்க ராசண்ணன் வரப்போவதாக விதானையாருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு கிணற்றடியில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் மச்சானும் அவருடைய கூட்டாளிகளும்.

"நாளைக்கு வாறானாம்."

"வரட்டுமே. வாய்க்கால் தாண்டி வருவான். திரும்பித் தாண்டிப் போறானா எண்டு பாப்பம்."

"மச்சான், பொலிஸ் கேஸ் ஆகிரும்."

"ஆர் கேக்கிற? என்ட பொஞ்சாதி பிரிச்சுப் பாத்துச் சொன்னவ. அவன்தான் எண்டு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

உன்னைத்தான் சாட்சிக்கு இழுத்தார், ராத்தா. வாளி என் கையால் நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது.

அதனால்தான் இன்று உன் அல்மாரியைத் திறந்தேன். நீ சொன்னது உண்மை என்று ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிட்டால் நிம்மதியாகப் படுக்கலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அதற்காகத்தான். சீலையை அவிழ்த்தேன். குப்பி விளக்கைக் கிட்டப் பிடித்தேன். மணிகள் கறுத்த தேன் நிறம்.

அன்று நான் குழாயைப் பார்க்கவே இல்லை. உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குசினியில் இருந்து உப்பு எடுத்து, அடியில் நிற்கிறவரை கரைத்தேன். முந்தநாள் உம்மாவின் பழைய சீலைக்குச் சாயம் போட என்று பொய் சொல்லிச் சாயக்கொட்டில் காக்காவிடம் தூளும் காஸ்டிக்கும் வாங்கி வைத்திருந்தேன். அப்படியென்றால் முந்தநாளே எனக்கு உன்மேல் சந்தேகம் இருந்ததா? தெரியாது. பலத்த உப்பைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். வடிந்ததைச் சின்னப் போத்தலில் பிடித்தேன். காஸ்டிக். தூள்.

நீலம். அன்று விதானையாரைக் கதிரையில் இருந்து எழுப்பிய அதே நீலம். ஒரு வருடமாக உன் கலியாணச் சாரிக்குக் கீழே, அந்த மணிகளின் பிடியில், ஒரு துளியும் போகாமல் இருந்திருக்கிறது.

நீ பார்த்துவிட்டு மறைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு நோகாது. மெழுகை உடைப்பதற்கு முன்னமே, எந்த மணியைக் குழாயில் நிரப்புவது என்று தீர்மானித்துவிட்டாய். போத்தலுக்குள் என்ன இருந்தாலும் இல்லை என்றுதான் வர வேண்டும் என்று. மாமா கெட்டவர் இல்லை. வரம்பு மருந்து வந்த கேனைக் கழுவாமல் கோரை மருந்தை ஊற்றியிருப்பார். கழுவாதது அவர்தான், ராசண்ணன் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் உன் நிக்காஹ் நின்றிருக்குமா? நின்றிருக்கலாம். என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. உப்புக் கரைத்துத் தந்தது நான். அவருடைய போத்தலை வாங்கி வந்தது நான். "எல்லாரையும் கூப்பிடு" என்றது நான். என் கையையும் சேர்த்தல்லவா பொய்க்குள் வைத்துவிட்டுப் போனாய்.

இன்னொன்றும் இருக்கிறது. மணி காய்ந்தால் வெடித்துவிடும், எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்பாய். ஒரு வருடம் போயும் குழாய்க்குள் விளிம்பு வரை தண்ணீர் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு நீ இந்த அல்மாரியின் அடியில் குனிந்து குனிந்து தண்ணீர் விட்டிருக்கிறாய். வெளியே கொட்டியிருக்கலாம். கடலில் எறிந்திருக்கலாம். யாருக்காக ஈரமாக வைத்திருந்தாய்? நீ சொல்ல வேண்டியதை என்னைச் சொல்ல வைக்கவா? அதுவும் துரோகம்தான், ராத்தா. அதுதான் பெரிய துரோகம்.

சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாமா இந்த வாசலை மிதிக்க மாட்டார். மச்சான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். போகும்போது உன் மகளையும் தூக்குவார். நம் வழக்கத்தில் உம்மா இல்லாத பிள்ளை உம்மாவின் வீட்டில்தான் வளரும். ஆனால் கோபத்தில் போகிறவர் வழக்கம் பார்ப்பாரா? உம்மாவின் கையில் இருந்து அவளைப் பிடுங்குவதை நான் பார்க்க வேண்டும். வாப்பா தினமும் இஷாவுக்குப் பிறகு உனக்காகக் கை ஏந்தும்போது, "பொய் பேசாத புள்ள, ரப்பே" என்றுதான் தொடங்குகிறார். அந்தச் சொல்லை நான் அவருடைய வாயில் இருந்து எடுக்க வேண்டும்.

சொல்லாவிட்டால், நாளைக்கு ராசண்ணன் வாய்க்காலைத் தாண்டுவார்.

உன் குரலில் எனக்கு மிச்சம் இருப்பது ஒன்றுதான். விட்டால்தானே என்னத்தைப் பிடித்தது என்று பார்க்கலாம். அதை நீ எனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நல்லது.

எழுதிக்கொண்டிருந்ததில் போத்தலை மூட மறந்துவிட்டேன். காற்றுப் பட்டு நீலம் போய்விட்டது. பார்க்கிறவருக்கு இப்போது வெறும் தண்ணீர். கிணற்றில் ஊற்றினாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் மருந்து உள்ளேதான் இருக்கிறது, தூளைப் போட்டால் நீலம் திரும்ப வரும். சுருளில் இன்னும் ஒரு தரத்துக்குத் தூள் மிச்சம் இருக்கிறது. ஒரே ஒரு தரம்.

கதவில் தட்டுகிறார்கள்.

வாப்பா. "மகள், என்ன மணம் இது? ராத்தாட அந்தத் தூள்ட மணம் மாதிரி இரிக்கி. கதவத் துறங்க."

ராத்தா, சுருளை அவிழ்த்துவிட்டேன். அவர் பார்க்கும்போதே தூளைப் போடப்போகிறேன்.